அனுமதிக்கப்பட்ட நாற்பது ஆமாக்கள்

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதன் கால் ஆடும், இதில் உட்காருங்கள். நான் நின்றுகொண்டே பேசுகிறேன். சில நாட்களாக உட்கார்ந்தால் எழுந்துவிடத் தோன்றுகிறது. எழுந்தால் என்ன செய்வது என்று தெரிவதில்லை.

மாடி அறையைப் பார்ப்பதற்கு முன் நீங்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் ஞானபாய். முப்பத்திரண்டு ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் தமிழ் இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்றவள். இது எங்கள் அப்பா கட்டிய வீடு. நீங்கள் வாடகைக்குப் பார்க்க வந்திருக்கும் அறை என் தங்கை ஐரினுடையது. அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. அவளும் நானும் மணம் செய்துகொள்ளவில்லை; அதற்குக் காரணம் எதுவும் இல்லை, எனவே கேட்க வேண்டாம். அவள் வயலின் வாசிப்பாள். மேற்கத்திய முறை. இங்கே பாளையங்கோட்டையில், தேவாலயத்துக்குப் பின்னால் சாமுவேல் நினைவு அரங்கம் என்று ஒன்று இருக்கிறது. நூற்று நாற்பது நாற்காலிகள். மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு அங்கே இசை நிகழ்ச்சி. முதல் பாதி மேற்கத்திய இசை, இரண்டாம் பாதி நம் ஊர் நாட்டார் இசை. பதினொரு ஆண்டுகள் அதற்கு நான் செயலாளர். ஐரின் நால்வர் குழுவில் இரண்டாம் வயலின். முதல் வயலின் பாட்டைச் சொல்லும், இரண்டாம் வயலின் அதற்கு அடியில் இருக்கும். அது அவளுக்குப் பொருத்தமான இடம் என்று நான்தான் அவளைச் சேர்த்தேன்.

இவை தெரியாமல் அறையைப் பார்த்தால், வயலினும் நோட்டுகளும் மாட்ட அவள் அடித்த ஆணிகளைக் காட்டி, சுவரில் ஏன் இத்தனை என்று கேட்பீர்கள். நீங்கள் நில அளவைத் துறையில் இருப்பவர், கட்டாயம் கேட்பீர்கள்.

நடந்தது சென்ற மாசி மாதத்தில். இரண்டாம் பாதிக்கு வில்லுப்பாட்டுக் குழு ஒன்றை அழைத்திருந்தோம். வள்ளியூர்ப் பக்கத்துக் குழு. தலைமைப் பாடகி உச்சிமாகாளி. நாற்பத்தைந்து வயதிருக்கும். கோவில் கொடைத் திருவிழாக்களில் ஆயிரம் பேர் நடுவே பாடுகிறவர். நாற்காலி போட்ட அரங்கத்தில் பாடுவது அவருக்கு அதுதான் முதல் தடவை. அதை அவரே என்னிடம் சொன்னார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். இங்க ஆளுவ எல்லாரும் காலுக்கு மேல காலப் போட்டு உக்காந்திருப்பாவளாம்லா?"

"அவர்கள் நாகரிகமானவர்கள். பயப்பட வேண்டாம்" என்றேன்.

"அதான் பயமா இருக்குங்கேன்" என்றார்.

மூன்று மணிக்கு ஒத்திகை. உச்சிமாகாளி பாடினார், வீசுகோலால் வில்லைத் தட்டினார், கதை சொன்னார். எல்லாம் நன்றாகவே இருந்தது. நான் நியாயமாகப் பேசுகிறவள், நன்றாக இருந்ததை நன்றாக இருந்தது என்றுதான் சொல்வேன். ஆனால் அவர் ஒரு வரி சொன்னால், பின்னால் குடம், உடுக்கை, கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மூவரும் "ஆமா" என்கிறார்கள். "ஒரு ஊரிலே" என்றால் ஆமா. "ஒரு ராசா" என்றால் ஆமா. ராசாவுக்குப் பிள்ளை இல்லை என்றாலும் ஆமா. நான் நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். இருபத்தைந்து நிமிடத்தில் நூற்று எண்பத்தேழு. அதில் ஒன்றுகூடப் புதிய செய்தி எதையும் சொல்லவில்லை. நேரக் கணக்கும் போட்டேன். ஆமா ஒன்றுக்கு ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டாலும் மூன்று நிமிடத்துக்கு மேல் வீணாகிறது. எனக்கு ஒதுக்கிய நேரம் மொத்தமே இருபத்தைந்து நிமிடம். அவர்களுக்கு ஒதுக்கிய நேரம் என்று சொல்ல வந்தேன்.

உச்சிமாகாளி தேநீர் குடிக்க வெளியே போயிருந்தார். நான் மேடைக்குப் போய்க் குடம் அடிக்கும் சொரிமுத்துவிடம் பேசினேன். கதைச் சுருக்கத்தை முன்பே வாங்கித் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். அதில் எந்தெந்த வரிக்கு ஆமா வரலாம் என்று பென்சிலால் குறித்துக் கொடுத்தேன். நாற்பது இடங்கள். தாராளமாகவே கொடுத்தேன்.

சொரிமுத்து தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "அக்காட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதோம் டீச்சர்."

"பதில் சொல்கிறவர்கள் நீங்கள். பதிலைப் பற்றி அவரிடம் ஏன் கேட்க வேண்டும்?"

"இல்ல டீச்சர், அது வந்து..."

"படிக்கத் தெரியுமல்லவா?"

"பத்தாவது பாஸு டீச்சர்."

"அப்படியானால் போதும்" என்றேன். ஆசிரியை சொன்னால் இந்த மாவட்டத்தில் இன்னும் கேட்கிறார்கள். அது ஒரு நல்ல பழக்கம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

வாசல் கேட்டில் ஏதோ ஓசை கேட்டதா? இல்லையா? பக்கத்து வீட்டு வண்டியாக இருக்கும்.

மாலை நிகழ்ச்சி சரியாக ஐந்தரைக்குத் தொடங்கியது. நால்வர் குழு ஐந்து நிமிடம் முன்னதாகவே முடித்தது. ஐரின் வயலினைப் பெட்டியில் வைக்காமல் மேடையின் பக்கவாட்டில், தூணுக்கு அருகில் உட்கார்ந்திருந்தாள். பெட்டியில் வை என்று கையால் காட்டினேன். அவள் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நான் ஒலிபெருக்கியில் அறிவித்தேன்: நிகழ்ச்சி முடியும்வரை இடையில் யாரும் ஒலி எழுப்ப வேண்டாம், கைதட்டலை இறுதிக்கு வைத்துக்கொள்ளவும். எப்போதும் அறிவிப்பதுதான்.

உச்சிமாகாளி வணக்கம் பாடினார். கதைக்குள் நுழைந்தார். முதல் வரிக்கு ஆமா வந்தது; அது நான் குறித்த இடம். இரண்டாம் வரிக்கு வரவில்லை. மூன்றாம் வரிக்கும் வரவில்லை. அவர் சற்றே திரும்பினார். வில்லைத் தட்டி அதே வரியை மறுபடி சொன்னார். "ராசாத்தி ஒத்தையில காட்டுக்குப் போறா." அமைதி. சொரிமுத்து தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குடத்தின் மேல் கையை வைத்து அப்படியே இருந்தார்.

"காட்டுக்குப் போறாங்கேன்."

அமைதி. நூற்று முப்பது பேர் இருந்தார்கள், ஒருவரும் அசையவில்லை. சபையோர் அன்று காட்டிய ஒழுங்கைப் பதினொரு ஆண்டுகளில் நான் கண்டதில்லை. உச்சிமாகாளி வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. மறுபடி திறந்தார். கழுத்து நரம்பு தெரிந்தது. ஆயிரம் பேர் நடுவே பாடுகிற பெண், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எழுந்துவிடப் போகிறவர்போல ஒரு கையை ஊன்றினார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

வரிகளை மறந்துவிட்டார் என்றே நான் நினைத்தேன். தட்டச்சுப் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போக எழுந்தேன்.

அப்போது தூணுக்கு அருகிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஆமா."

என் தங்கையின் குரல். அந்த அரங்கத்தில் அவள் பதினொரு ஆண்டுகளாக வாசித்திருக்கிறாள். அவள் குரலை அங்கே ஒருவரும் கேட்டதில்லை. உச்சிமாகாளி வெடுக்கென்று திரும்பினார். அடுத்த வரியைச் சொன்னார், சொல்லிவிட்டு அவளையே பார்த்தார். "ஆமா" என்றாள் ஐரின். அடுத்த வரிக்கு வயலினைத் தாடையில் வைத்து, ஆமாவுக்குப் பதிலாக இரண்டு சுரம் இழுத்தாள்.

"ஏ ஆத்தா! பெட்டியில கெடந்த வயலினு நம்ம பாசையில பேசுதே!" என்றார் உச்சிமாகாளி.

"ஆமா!" என்றார்கள் மூவரும். தாள் கீழே கிடந்தது.

அதன்பின் சபையும் ஆமா போடத் தொடங்கிவிட்டது. அரங்கக் குழுத் தலைவர் தேவசகாயம் ஐயா, ஓய்வு பெற்ற நீதிபதி, முன்வரிசையில் உட்கார்ந்து ஆமா என்கிறார். இருபத்தைந்து நிமிடத்தில் முடிய வேண்டிய நிகழ்ச்சி ஒரு மணி ஐந்து நிமிடம் நடந்தது. நான் மூன்று முறை எழுந்து கடிகாரத்தைக் காட்டினேன். மூன்றாவது முறை உச்சிமாகாளி அதையும் கதையில் சேர்த்துவிட்டார்: "காட்டுல ஒரு பச்சி கையத் தூக்கித் தூக்கி நேரம் சொல்லுது." ஆமா என்றார்கள். சிரித்தார்கள். எந்தப் பறவை என்று எனக்கு விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது ஐரினிடம் கேட்டேன். "நிகழ்ச்சி நிரலில் உன் பெயர் இரண்டாம் பாதியில் இருக்கிறதா?"

"இல்லக்கா."

"பிறகு?"

அவள் தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். "அவங்க மூச்சு வாங்குற எடம்க்கா அது. ஆமா சொல்லதுக்குள்ளதான் அடுத்த வரிய எடுப்பாங்க. நீ அத மூடிட்ட."

"நான் எதையும் மூடவில்லை. நாற்பது இடம் கொடுத்தேன்."

வழக்கமாக இந்த இடத்தில் அவள் "சரிக்கா" என்பாள். எங்கள் வீட்டில் எந்தப் பேச்சும் அப்படித்தான் முடியும். கருத்து வேறுபாடு என்பதே எங்களுக்குள் இருந்ததில்லை. பால்காரரை மாற்றலாம் என்றேன், சரிக்கா. நாகர்கோவிலில் இசைக் கல்லூரி வேலை வேண்டாம், தூரம் என்றேன், சரிக்கா. அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. களைப்பு என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்த வாரம் வள்ளியூருக்குப் போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள். பங்குனி பிறந்த மூன்றாம் நாள் காலையில், இட்லித் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்.

"கொடை சீசனுக்கு அவங்களோட போறேன்க்கா. ஆடி வரைக்கும்."

"யாரைக் கேட்டு முடிவு செய்தாய்?"

"யாரையும் கேக்கல."

முழுமையான விடை. அதில் திருத்த எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

எங்கள் தேவாலயச் சபையில் சிலர் முகம் சுளித்தார்கள், சுடலைமாடன் கொடையில் கிறிஸ்தவப் பெண் வயலின் வாசிப்பதா என்று. நான் மதத்தைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் குழு தேவாலயத்து அசனப் பண்டிகை விருந்துக்கும் பாடுகிறது, கொடைக்கும் பாடுகிறது. அவர்களுக்கு அதில் வேற்றுமை இல்லை. நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: ஆனி மாதம் அரங்கத்தின் ஆண்டு விழா. நால்வர் குழுவில் இரண்டாம் வயலினுக்கு யார்? ஒருவர் போனால் நால்வர் மூவராகிவிடுவார்கள். நோட்டுப் புத்தகத்தில் இரண்டாம் வயலினுக்கு எழுதியிருக்கும் பகுதியை யார் வாசிப்பது? கவலை முழுக்க விழாவைப் பற்றித்தான்.

ஜன்னலைத் திறக்கட்டுமா? இல்லை, தூசி வரும். இருக்கட்டும். திறந்தேவிடுகிறேன்.

அவள் போனபின் வீட்டில் ஒரு சிறு குறை ஏற்பட்டது. நான் ஏதாவது பேசினால் குரல் சுவரில் பட்டு அப்படியே நிற்கிறது. கொத்தனாரை அழைத்துக் காட்டினேன். "பீரோவ நவுத்துனா அப்பிடித்தான் கேக்கும் டீச்சர்" என்றார். பீரோவை நாங்கள் நகர்த்தவில்லை. வெள்ளையடித்தேன். அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் வந்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன், பொருட்கள் வருமல்லவா.

சித்திரையில் நானே நேரில் போவது என்று முடிவு செய்தேன். தேவசகாயம் ஐயாவிடம் கையெழுத்து வாங்கிய அழைப்புக் கடிதத்தை உறையில் போட்டுக்கொண்டேன். வள்ளியூர் வரை பஸ், அங்கிருந்து ஆட்டோ. ஊர் எல்லையிலேயே குடத்தின் ஒலி கேட்டது. மதியக் கொடை. பந்தலில் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என்னை முன்னால் உட்காரவைத்தார்கள். நான் கேட்கவில்லை, ஆசிரியை என்று பார்த்தாலே தெரியும்போலும்.

ஐரின் மேடையில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தாடையில் வயலினை வைத்துக்கொண்டிருந்தாள். முழங்கால் வலிக்கிறது என்று வீட்டில் முக்காலி கேட்கிறவள். வெயிலில் கறுத்திருந்தாள். இரண்டாம் வயலினுக்கு அங்கே நோட்டு ஏதும் இல்லை. உச்சிமாகாளி ஒரு வரி பாடினால் இவள் அதற்கு மேலே ஏறிப் போகிறாள், எங்கேயோ போகிறாள், எப்படியோ திரும்பி வந்து குடத்தோடு சேர்ந்துகொள்கிறாள். எங்கே கற்றாள் என்று தெரியவில்லை. எழுதிவைக்காததை அவள் வாசித்து நான் கேட்டதே இல்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் முழங்காலைத் தட்டினார். "சும்மா இருக்கியளே, ஆமா போடுங்க. நம்மளுஞ் சொன்னாத்தான் கதை நவுரும்." நான் தொண்டையைச் செருமினேன். அதை அவர் ஆமா என்று எடுத்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை.

அப்போது உச்சிமாகாளி என்னைப் பார்த்துவிட்டார். வீசுகோலை உயர்த்தினார்.

"பாளையங்கோட்டையில பெரிய டீச்சரு!"

"ஆமா!"

"வெயிலு பாக்காம வந்திருக்காவ!"

"ஆமா!"

"கையில பென்சிலு இருக்கோ என்னமோ, சொரிமுத்து, பாத்து அடி!"

"ஆமா!" பந்தல் முழுக்கச் சிரிப்பு. சொரிமுத்துவும் சிரித்தார். ஐரினும் சிரித்தாள், அதை நான் பார்த்தேன்.

"தங்கச்சியத் தேடி வந்திருக்காவ!"

"ஆமா!" இந்த முறை ஐரினின் குரல் தனியாகக் கேட்டது.

"கூட்டிட்டுப் போவத்தான் வந்திருக்காவ!"

"ஆமா!"

உச்சிமாகாளி வில்லைத் தட்டிவிட்டுக் கோலை அப்படியே நிறுத்தினார். குரலை இறக்கிக் கேட்டார். "தங்கச்சி போவாளா?"

ஒன்றும் வரவில்லை. மற்ற மூவரும் ஐரினைப் பார்த்தார்கள். பந்தலில் விசிறிக்கொண்டிருந்தவர்கள் விசிறியை நிறுத்திவிட்டார்கள். எனக்கு எழுந்து நிற்க வேண்டும்போல் இருந்தது. நாற்காலியின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டேன்.

"போவாளாங்கேன்?"

ஐரின் என்னைப் பார்த்தாள். நேராக, சிறிது நேரம். பிறகு குனிந்து, வயலின் வில்லைத் தந்தியில் வைத்து, ஒரே ஒரு சுரத்தை நீளமாக இழுத்தாள்.

"சரி, அவ பாடு அவளுக்கு. நம்ம கதைக்கு வருவோம்" என்றார் உச்சிமாகாளி.

"ஆமா!"

ஆக, இரண்டு இடங்களில் பதில் விடுபட்டது. கவனக்குறைவு. பொதுவாக அந்தக் குழு அப்படி விடுவதில்லை.

இடைவேளையில் அவள் ஒரு சொம்பில் பானக்காரம் கொண்டுவந்தாள். "சாப்டியாக்கா?"

"சாப்பிட்டேன்." சாப்பிடவில்லை. கடிதத்தைக் கொடுத்தேன். படித்தாள். மடித்தாள், நான் மடித்திருந்த மடிப்பிலேயே மடித்தாள்.

"அந்தத் தேதி முடியாதுக்கா. களக்காட்டுப் பக்கம் கொடை இருக்கு."

"இரண்டாம் வயலின் இல்லாமல் எப்படி?"

"மூணு பேருக்கு எழுதுன இசை எத்தனையோ இருக்குக்கா."

"வீட்டுக்கு?"

ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. நான் விழாவைப் பற்றிக் கேட்கத்தான் போனேன். அவள் சொம்பை வாங்கி, அடியில் இருந்த எலுமிச்சை விதையைக் கீழே தட்டினாள்.

"உங்கிட்ட இல்லைன்னு சொல்ல எனக்கு வரலக்கா. அதான் சொல்லாமலே இருக்கேன். நீயே புரிஞ்சுக்கோ."

"என்ன புரிந்துகொள்ள வேண்டும்? தெளிவாகச் சொல்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் நுனிகள் காய்த்துப்போயிருந்தன. குடம் அடித்து அழைத்தார்கள், போய்விட்டாள். நான் நான்கு மணி பஸ்ஸுக்குப் புறப்பட வேண்டியிருந்தது. ஆனால் ஆட்டோ கிடைக்கவில்லை, ஆகவே ஏழு மணிவரை அங்கேயே உட்கார்ந்திருக்க நேர்ந்தது. ஆட்டோக்கள் கோவில் வாசலில் நின்றன என்று பிறகு யாரோ சொன்னார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

இனி, அதன்பின் முடிவானவற்றை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன். பிறகு மாடிக்குப் போகலாம்.

ஆண்டு விழாவில் மூவர் குழு வாசித்தது. நன்றாக இருந்தது என்றார்கள்.

அரங்கத்தில் இனி நாட்டார் இசை முதல் பாதியில் வரும், அதற்கு நேர வரம்பு கிடையாது என்று குழு தீர்மானித்தது. வாக்கெடுப்பில் எதிராக ஒரு வாக்கு.

என்னைச் செயலாளர் பொறுப்பிலிருந்து உயர்த்தி ஆலோசகராக நியமித்தார்கள். கூட்டங்களுக்கு வரவேண்டிய சிரமம் இனி எனக்கு இல்லை என்று கடிதத்திலேயே குறிப்பிட்டிருக்கிறார்கள்.

ஆடி முடிந்தது. ஐரின் ஒரு நாள் பகலில் வந்து புடவைகளையும் நோட்டுப் புத்தகங்களையும் எடுத்துப் போனாள். வள்ளியூரில் உச்சிமாகாளி வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கிறாள். பக்கத்துப் பிள்ளைகள் ஆறு பேருக்கு வயலின் சொல்லிக் கொடுக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை நான்கு மணிக்குத் தொலைபேசியில் பேசுகிறாள். நான் பேசுகிறேன், அவள் கேட்கிறாள். சென்ற வாரம் அவளும் பேசினாள்.

அறை வாடகைக்கு விடப்படுகிறது. ஆணிகளைப் பிடுங்கக் கூடாது. ஜன்னலோரம் இருக்கும் உயரமான முக்காலி அங்கேயே இருக்கும்.

சாவி இரண்டு. ஒன்று உங்களுக்கு. மற்றொன்று அவளிடம் இருக்கிறது. நான் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை. அவள் வருகிற நாட்களில் நீங்கள் கீழே என் அறையில் படுத்துக்கொள்ளலாம், நான் கூடத்தில் படுத்துக்கொள்வேன்.

எந்த நாட்களில் என்று கேட்கிறீர்கள். அது இன்னும் முடிவாகவில்லை. வாருங்கள், படியில் பார்த்து வாருங்கள்.